அண்டாவில் வெதுவெதுப்பாக இருந்த சோறு

கேள்வி: ஐயா, ஈரோட்டில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு பார்சல் போடுகிறேன், தினம் 60 பேருக்கு. போன வாரம் வெஜ் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களில் 7 பேருக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி. காலையில் நேரம் பத்தாது என்று முந்தின ராத்திரி 10 மணிக்கே சோறு வடித்து அண்டாவில் மூடி வைத்திருந்தேன். காலை 6 மணிக்குப் பார்த்தபோது ஊசின வாடை இல்லை, நூல் விடவில்லை, கரண்டி விட்டால் நடுவில் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. அதைப் பெரிய தீயில் ஆவி பறக்க வதக்கித்தான் கட்டினேன். இரண்டு தடவை சூடு பட்ட சோற்றில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? ஒருவர் அஜினமோட்டோ என்கிறார், இன்னொருவர் சமையலறை சுத்தமில்லை என்கிறார். இந்தக் கிருமிகள் எப்படித்தான் வளர்கின்றன? என் அம்மா காலம் முழுக்கப் பழைய சோறு சாப்பிட்டவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: சகோதரி, சோறு நன்றாக இருந்தது என்பதற்குச் சாட்சியாக "வெதுவெதுப்பாகக்கூட இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். உணவு ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய துப்பு. ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக இருந்த சோறு என்றால், ராத்திரி முழுக்க பாக்டீரியாவுக்கு அடைகாத்த சோறு என்று அர்த்தம். நாங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்ப்பதற்கென்றே ஒரு பெட்டி வைத்து அதில் 30, 37 டிகிரி என்று சூட்டை நிறுத்தி வைப்போம். உங்கள் அண்டா அந்த வேலையை மின்சாரச் செலவில்லாமல் செய்திருக்கிறது.

மிச்சம் வைத்த சோற்றைப் பரிசோதிக்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முந்தின நாள் சோறு, ஃப்ரைடு ரைஸ், இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கள் துறையில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாதான். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இதே போல அடுத்தடுத்து வாந்தி வந்தது. அங்கேயும் கதை அச்சு அசல் உங்கள் கதைதான். சோற்றை மொத்தமாக வேகவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும் என்று வெளியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் முட்டையோடு ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுத்தார்கள்.

முதலில் அஜினமோட்டோவை விட்டுவிடுங்கள். பாவம், அது பல பழிகளைச் சுமக்கிறது, ஆனால் ஒரே நாளில் ஏழு பேரை வாந்தி எடுக்க வைப்பது அதன் வேலை இல்லை. சமையலறைச் சுத்தத்தையும் இந்த விஷயத்தில் முதல் குற்றவாளியாக நான் நிறுத்த மாட்டேன், ஏனென்றால் பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழ்கிற ஜீவன், வயலிலிருந்து நெல்லோடு வந்து அரிசி மூட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எந்தக் கடை அரிசியிலும் கொஞ்சம் இருக்கும். தரையில் எவ்வளவு ஃபினாயில் ஊற்றினாலும் மூட்டைக்குள் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அரிசியோடு வந்தது கொதிநீரில் சாகவில்லையா? அங்கேதான் இது மற்ற பாக்டீரியாக்களிலிருந்து வேறுபடுகிறது. காலம் சரியில்லை என்று தெரிந்தால் இது தன்னை ஒரு கெட்டியான ஓட்டுக்குள் சுருக்கிக்கொண்டு விதை மாதிரி ஆகிவிடும், அதற்கு ஸ்போர் என்று பெயர். அந்த நிலையில் அது சாப்பிடாது, வளராது, வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. 100 டிகிரிக் கொதியில் அரை மணி நேரம் கிடந்தாலும் அதில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூடே பல ஸ்போர்களைத் தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பவும் செய்கிறது. கூடவே, போட்டிக்கு இருந்த மற்ற சாதாரண பாக்டீரியாக்கள் எல்லாம் வேக்காட்டில் செத்துப்போயிருக்கும். வெந்த சோறு என்பது ஆள் இல்லாத ஊர், சாப்பாடு தயார், தண்ணீர் தயார். உள்ளே நுழைகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

கொதிக்க வைத்தும் கெட்டுப்போகிறதே என்று குழம்பியவர்களில் நீங்கள் முதல் ஆளில்லை. 1876இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் கோன் என்பவர் வைக்கோல் ஊறிய தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் அதில் பாக்டீரியா முளைப்பதைப் பார்த்து, காரணம் இந்த ஸ்போர்தான் என்று கண்டுபிடித்தார். அதே காலத்தில் லண்டனில் ஜான் டின்டால் ஒரு உபாயம் சொன்னார்: ஒரே மூச்சில் மணிக்கணக்காகக் கொதிக்க வைக்காதே, இன்று ஒரு கொதி, நாளை ஒரு கொதி, மறுநாள் ஒரு கொதி என்று விட்டு விட்டுச் செய். இடைவெளியில் ஸ்போர் முளைத்து சாதாரண பாக்டீரியாவாக மாறும், மாறினது அடுத்த கொதியில் செத்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சுண்டக்குழம்புதான் ஞாபகம் வந்தது. புளிக்குழம்பை தினமும் சாயங்காலம் ஒரு கொதி விட்டு இறக்கி மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவதில் டின்டாலின் கணக்கும் இருக்கிறது, அதற்கு மேல் புளியும் உப்பும் எண்ணெயும் நீர் வற்றுவதும் இருக்கின்றன. சாம்பாரை நம்பி இதைச் செய்யாதீர்கள், பருப்புக்கு அந்தக் காவல் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட "எப்படி வளர்கின்றன". இதை நீங்கள் தினம் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், இட்லி மாவில். சாயங்காலம் 7 மணிக்கு அரைத்துக் கரைத்து வைத்தால் 10 மணி வரை மாவு அப்படியே கிடக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி. நடு ராத்திரிக்கு மேல் மெல்ல எழும்பும், விடிகிறபோது தூக்கை முட்டி வழியும். அதையே மதியம் வரை வெளியில் விட்டால் எழும்பினது அமுங்கி, புளிப்பு ஏறி, மேலே தண்ணீர் விட்டுக்கொள்ளும். முதல் சில மணி நேரம் பாக்டீரியா சும்மா இருக்கவில்லை, புது இடத்தில் கிடைக்கிற சாப்பாட்டைச் செரிக்கத் தேவையானதை எல்லாம் தனக்குள் தயார் செய்துகொண்டிருந்தது. தயாரானதும் ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கடைசியில் இடம் நெருக்கி, சர்க்கரை தீர்ந்து, தான் விட்ட அமிலமே தனக்கு எதிரியாகி வளர்ச்சி நிற்கும், அப்புறம் சாகத் தொடங்கும். மாவை எழுப்புகிற முக்கியமான ஆள் லூகோநாஸ்டாக் மெசன்டராய்டிஸ், அது பெரும்பாலும் உளுந்தோடு வருகிறது. கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்பார்கள், கரண்டியால் கலக்கினாலும் புளிக்கும், இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அதே கணக்கை உங்கள் அண்டாவுக்குப் போட்டுப் பார்ப்போம். வேக்காட்டில் பிழைத்தது ஒரு கிராம் சோற்றுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், இது ஒரு உதாரணத்துக்குத்தான். 10 மணிக்கு மூடி வைத்த சோறு 50 டிகிரிக்குக் கீழே இறங்கி, ஸ்போர் முளைத்து, வேலையைத் தொடங்க 12 மணி ஆகிறது. இதமான சூட்டில் சுமார் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றால் 2 மணிக்கு 1,600. 4 மணிக்கு 25,600. 5 மணிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், நாங்கள் அறிக்கையில் ஆபத்து என்று எழுதுகிற எண்ணிக்கை அது. 6 மணிக்கு, நீங்கள் கரண்டி விட்ட நேரத்துக்கு, 4 லட்சம். அதாவது கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் மூன்று லட்சம் கூடியிருக்கிறது, முதல் இரண்டு மணி நேரத்தில் கூடினது வெறும் 1,500. இன்னும் ஒரு மணி நேரம்தானே, அப்படியே இருக்கட்டும் என்று நாம் நினைப்பது எப்போதும் இந்தக் கடைசி மணியில்தான்.

வாடை வரவில்லையே என்றால், வராது. மூக்குக்குத் தெரிகிற அளவுக்குக் கெட்டுப்போக பொதுவாக ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் வேண்டும். அதுவும் வாடை கிளப்புகிறவை வேறு சாதி, வாந்தி எடுக்க வைக்கிறவை வேறு சாதி. ஊசிப்போன சோறு நம்மை எச்சரித்துவிட்டுப் போகிறது, நல்லபடியாக இருக்கிற சோற்றுக்குத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் காலையில் ஆவி பறக்க வதக்கினேனே என்பீர்கள். அந்தச் சூட்டில் முளைத்திருந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ராத்திரி வளரும்போதே செரியூலைட் என்ற நச்சைச் சோற்றில் விட்டுவிட்டது. இந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அசையாது. பிரஷர் குக்கருக்குள்ளேயே கிட்டத்தட்ட அவ்வளவு சூடுதான் வரும், வாணலியில் ஐந்து நிமிஷம் புரட்டுவது எந்த மூலைக்கு? திருடனைப் பிடித்துவிட்டீர்கள், பொருள் அவனிடம் இல்லை. கையில் புண்ணோ சளியோ உள்ளவர் சோற்றைத் தொட்டால் வருகிற ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் இதே மாதிரி சூட்டுக்கு அசையாத நச்சை விடும், இதே மாதிரி சில மணி நேரத்தில் வாந்தி வரும். அதனால் இது அதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதற்கு வேண்டியதும் அதே வெதுவெதுப்பும் அதே நேரமும்தான்.

ஆக, வேகவைத்ததில் உங்கள் மேல் குறை இல்லை, வதக்கினதிலும் இல்லை. ஆறவைத்ததில்தான். சோறு சூட்டை லேசில் விடாது. குழம்பு என்றால் பாத்திரத்துக்குள்ளேயே மேலும் கீழும் புரண்டு கொஞ்சமாவது ஆறும், சோற்றில் அந்தப் புரளல் இல்லை. 60 பேருக்கான சோற்றை ஒரே அண்டாவில் குவித்து, மூடியும் போட்டால் ஓரம் ஆறிவிடும், நடு மட்டும் விடிய விடிய கதகதப்பாகவே இருக்கும். சமைத்த உணவைப் பொறுத்தவரை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்தான இடம். 60க்கு மேல் இவை வளர முடியாது, 5க்குக் கீழே பெரும்பாலானவை கிட்டத்தட்ட நின்றுவிடும். நின்றுவிடும் என்றுதான் சொல்கிறேன், சாகாது. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லும் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே நிறைய இருக்கிறார்கள். லிஸ்டீரியா என்று ஒன்று ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெதுவாக வளரும், அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைத்ததையும் வாரக்கணக்கில் வைக்கக் கூடாது என்கிறோம்.

அம்மாவின் பழைய சோற்றுக்கு வருகிறேன், நல்ல கேள்வி அது. அவர் என்ன செய்தார் என்று யோசியுங்கள். ராத்திரி மிச்சமான சோற்றில் மூழ்க மூழ்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். அந்த நொடியே சோற்றின் சூடு இறங்கிவிட்டது, உங்கள் அண்டா எட்டு மணி நேரத்தில் செய்யாததை அந்த ஒரு சொம்புத் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது. மண்பானையாக இருந்தால் வெளிப்பக்கம் நீர் கசிந்து ஆவியாகி இன்னும் குளிர்ந்திருக்கும். அப்புறம் தண்ணீருக்குள் லாக்டிக் அமிலம் விடுகிற பாக்டீரியாக்கள் கிளம்பிப் புளிக்க வைத்தன. மறுநாள் காலையில் வருகிற அந்த லேசான புளிப்பு வெறும் ருசி இல்லை, மற்றவர்களை உள்ளே விடாத வேலி. அவர் அதை மறுபடி சமைத்து 60 பேருக்குக் கட்டிக் கொடுக்கவும் இல்லை, மோர் ஊற்றிக் கரைத்து வெங்காயம் கடித்துக்கொண்டு தானே சாப்பிட்டார், நீச்சத்தண்ணி ஒரு மாதிரி இருந்தால் மாட்டுக்கு ஊற்றினார். பழைய சோற்றுக்கும் அமிர்தம் என்று பட்டம் கட்ட நான் வரவில்லை, புளிப்பு ஏறுவதற்கு முன்னால் சில மணி நேரம் அதிலும் ஆபத்து உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றிய சோறும் மூடி வைத்த சோறும் ஒன்றில்லை.

இந்தப் புளிப்பு விஷயம் உங்கள் தொழிலுக்கு ரொம்ப முக்கியம். பெரும்பாலான நச்சு பாக்டீரியாக்கள் பிஎச் 4.6க்குக் கீழே வளரத் திணறும், எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். ரயிலுக்குக் கட்டுச்சோறு என்றால் நம் வீடுகளில் ஏன் புளியோதரை? புளிக்காய்ச்சலில் அமிலம், உப்பு, எண்ணெய் மூன்றும் இருக்கின்றன, தண்ணீர் வற்றியிருக்கிறது. ஜப்பானில் சுஷி செய்கிற சோற்றில் வினிகர் கலப்பதும் கிட்டத்தட்ட இதே புத்திதான். எலுமிச்சை சாதம் அவ்வளவு தைரியம் இல்லை, நாம் பிழிவதே ஒரு மூடி, சோறு ஒரு படி. தேங்காய் சாதம், வெண்பொங்கல், ஃப்ரைடு ரைஸ் இதற்கெல்லாம் புளிப்பும் இல்லை, வறட்சியும் இல்லை, முழுக்க முழுக்க சூட்டையும் நேரத்தையும் மட்டுமே நம்பி நிற்கிறவை. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான், அதுவும் அடுப்பே பார்க்காதது.

தண்ணீர் என்றேன் அல்லவா, பாக்டீரியாவுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. அதே ஸ்போர் அரிசி மூட்டையில் ஒரு வருஷம் சும்மா கிடந்ததற்குக் காரணம் அரிசி காய்ந்திருந்ததுதான். வத்தல், கருவாடு, முறுக்கு, பருப்புப் பொடி எல்லாம் இதனால்தான் நிற்கின்றன. ஊறுகாயிலும் பாகிலும் கண்ணுக்குத் தண்ணீர் தெரியும், ஆனால் உப்போ சர்க்கரையோ அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. காற்றைப் பற்றி ஒரு வரி: காற்று வேண்டாதவையும் உண்டு. பெரிய அண்டா மட்டன் குழம்பின் அடியில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் வளரும், 43, 45 டிகிரியில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற ராட்சசன் அது. ஞாயிற்றுக்கிழமை அசைவமும் போடுகிறீர்கள் என்றால் சோற்றுக்குச் சொல்லப்போவது எல்லாம் அதற்கு இன்னும் அவசரமாகப் பொருந்தும்.

இனி என்ன செய்யலாம். முடிந்தால் சோற்றைக் காலையில் வடியுங்கள், ஒரு ஆள் கூடுதலாக வைத்தாவது. முடியாது, ராத்திரிதான் என்றால் வடித்த உடனே அண்டாவில் குவிக்காமல் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, ஆவி அடங்கியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய சமையலறைகளில் பின்பற்றுகிற கணக்கு, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரி, அதற்கடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்காதீர்கள், நடுவில் குளிர்காற்று போகட்டும். சுடச்சுட ஒரு அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவதும் தப்பு, அது ஆறாது, பக்கத்தில் இருக்கிற பாலையும் சேர்த்துச் சூடாக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றில் 60 பேர் சோறு கொள்ளாது என்பது எனக்குத் தெரியும், அப்படியானால் ஃப்ரைடு ரைஸை வாரத்தில் ஒரு நாள் 20 பேருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. குளிர்ந்த சோறு ஒட்டும் என்ற பயம் வேண்டாம், பரப்பி ஆறவைத்த சோறு கையால் உதிர்த்துவிட்டால் வாணலியில் இன்னும் அழகாகத் தனித்தனியாக நிற்கும்.

பார்சலுக்கும் இதே கடிகாரம்தான். 9 மணிக்குக் கட்டி 1.30க்குச் சாப்பிடுகிறார்கள் என்றால் நாலரை மணி நேரம், அது அதிகம். கட்டுவதை 11 மணிக்குத் தள்ளுங்கள், அல்லது 60 டிகிரிக்கு மேலேயே நிற்கிற மாதிரி ஹாட் பாக்ஸில் அனுப்புங்கள். உணவில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இன்றைக்கே ஒன்று வாங்குங்கள். விரல் வைத்துப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்கிறோமே, அந்தச் சூடு பல நேரம் 45 டிகிரிதான் இருக்கும். நேற்று மிஞ்சியதை இன்றையதோடு கலக்காதீர்கள், அது உறை ஊற்றுகிற வேலை.

அந்த ஏழு பேரும் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தேறியிருப்பார்கள். இன்னும் யாருக்காவது வாந்தி நிற்காமல், சிறுநீர் குறைந்து, காய்ச்சலோ ரத்தம் கலந்த பேதியோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் சரி என்பது என் எண்ணம், சோறு ராத்திரி வடித்தது, இனி அப்படி இல்லை என்று ஒரு வரி போதும்.

இன்னொன்று. இனிமேல் ஒவ்வொரு நாள் சமையலிலும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு சிறு டப்பா எடுத்து, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். போன வாரச் சோற்றில் ஒரு கைப்பிடி இருந்திருந்தால் இந்தப் பதிலில் இத்தனை "இருக்கலாம்" வந்திருக்காது. பரப்புகிற தட்டு அலுமினியமா ஸ்டீலா என்று யோசித்தால், வெறும் சோற்றுக்கு அலுமினியம் சீக்கிரம் ஆற்றும், தக்காளி சாதம், புளி சாதம் என்றால் ஸ்டீல்.